திசை சொல்லும் தடம்

சுற்றொலி என்பது சினிமா வியாபாரிகள் நேற்றுக் கண்டுபிடித்த ஜிகினா வேலை என்று நம் நண்பர்களிடையே ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கருவி விற்பவர்கள் சொல்லும் சரித்திரமோ வேறு: முதலில் ஒற்றை ஒலி, பிறகு இரட்டை, ஐந்து, ஏழு, இப்போது கூரையிலிருந்தும் என்று ஒரே ஏறுமுகம். இரண்டுமே பிழை என்பது என் கட்சி. வீட்டுக்கு வந்த ஒலி எப்போதும் மடித்துச் சுருக்கப்பட்டுத்தான் வந்திருக்கிறது. அதை எப்படி விரிப்பது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் விஷயம்.

1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியின்போது க்ளெமான் அதேர் என்பவர் ஆப்பெரா மேடையின் முன்விளிம்பில் தொலைபேசிக் கருவிகளை வரிசையாக வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் காதுக்கு ஒன்றாக இரண்டு குழல்களை வைத்துக்கொண்டு கேட்டார்கள். இரண்டும் மேடையின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்ததால் பாடகர் நடந்தால் குரலும் நடந்தது. 1890இல் ஒரு கம்பெனி நாடகத்தையும் ஆப்பெராவையும் தொலைபேசிக் கம்பி வழியே சந்தாதாரர்களின் வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தது. மார்ஸல் ப்ரூஸ்த் 1911இல் அதற்குச் சந்தா கட்டியிருந்தார். தெபுஸ்ஸியின் 'பெலியாஸ்' அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது. மாதக் கட்டணம் செலுத்தி வீட்டிலேயே எல்லாவற்றையும் வரவழைத்துக்கொள்ளும் நம் காலத்து மனிதனுக்கு இதைவிட கௌரவமான மூதாதை கிடைக்கமாட்டார்.

ஆலன் ப்ளூம்லைன் லண்டனில் படம் பார்க்கப் போனபோது, நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்க அவர் குரல் வேறெங்கிருந்தோ வந்தது கண்டு எரிச்சலடைந்தார் என்று ஒரு கதை உண்டு. 1931 டிசம்பரில் இரட்டை ஒலிக்கான காப்புரிமைக்கு அவர் விண்ணப்பித்தார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில், இரு சுவர்களில் இரண்டு ஒலிகளைப் பதிக்கும் முறையும் அதில் இருந்தது. அப்போதே மடிப்பு ஆரம்பித்துவிட்டது. 1942இல் ராடார் சோதனை ஒன்றின்போது விமானம் விழுந்து அவர் இறந்தார், வயது 38.

எனக்கு முக்கியமாகப் படுபவர் இசை நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி. 1933 ஏப்ரல் 27 அன்று வாஷிங்டனில் ஒரு காலி மேடையின் முன் ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியக் குழு பிலடெல்பியாவில் வாசித்தது. மூன்று கம்பித் தடங்களில் இசை வந்தது. குழுவை நடத்தும் பொறுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். ஒலி எங்கிருந்து, எவ்வளவு வர வேண்டும் என்பதும் சிருஷ்டியின் பகுதிதான் என்று நம்பியவர். 1940 நவம்பரில் நியூயார்க்கில் வெளியான டிஸ்னியின் 'ஃபான்டேஸியா'வில் இதற்கு ஒரு வடிவம் கிடைத்தது. தனி ஃபிலிம் சுருளில் மூன்று ஒலித்தடங்கள், நான்காவதாக ஒரு கட்டளைத் தடம். நான்காவதை யாரும் கேட்பதில்லை. மற்ற மூன்றும் எந்த நேரத்தில் எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்வதே அதன் வேலை. மூலம் ஒரு பக்கம், உரை ஒரு பக்கம். கருவிகளின் விலையும் யுத்தமும் சேர்ந்து இதை முடித்துவைத்தன. பொது வெளியீட்டில் படம் ஒற்றைத் தடத்தில் ஓடியது.

எழுபதுகளின் நாலுமுக ஒலித்தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று முறைகள் சண்டையிட்டு மூன்றுமே செத்தன. ஆனால் நாலு ஒலியை இரண்டு தடத்தில் கலந்து மடித்து, பின்னர் பிரிக்கும் அவற்றின் கணக்கு சாகவில்லை. அதைத்தான் டால்பி எடுத்துக்கொண்டு 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' மூலம் உலகைத் திகைக்கவைத்தது. (ரே டால்பி 1963 முதல் இரண்டு வருஷம் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்துவிட்டுத்தான் லண்டன் போய்த் தன் ஸ்தாபனத்தைத் தொடங்கினார் என்பது நமக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

2012இல் வந்த அட்மாஸில் நான்காவது தடம் திரும்பி வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒலியோடு, அது அறையில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற குறிப்பும் வருகிறது. இணையத்தில் இது மறுபடி மடிகிறது: பல ஒலிகளை ஐந்து தடத்துக்கும் ஒரு அடிஒலிக்கும் கூட்டிக் கலந்து, அதிலிருந்து அவற்றை எப்படி மீட்டெடுப்பது என்ற சிறு குறிப்பையும் வைத்து அனுப்புகிறார்கள். நெட்ஃப்ளிக்ஸில் இது மிஞ்சிப்போனால் வினாடிக்கு 768 கிலோபிட். ப்ளூரே தட்டில் இழப்பின்றி வருவது இதைப்போலப் பல மடங்கு. பெரிய சேதம் ஒலியின் தரத்தில் நேர்வதில்லை. குறிப்பு வழியில் விழுந்துவிட்டாலும் ஒலி தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். விழுந்தது யாருக்கும் தெரியாது.

மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டில் இதைக் கண்டேன். குவாரோனின் 'ரோமா'. 2018இல் வந்த கறுப்புவெள்ளைப் படம்; அதன் பாதி சட்டகத்துக்கு வெளியே, தெருவில் நடக்கிறது. நண்பர் உயர்ந்த சந்தா கட்டியிருந்தார். ஐந்து ஸ்பீக்கர்கள், கூரையை நோக்கிப் பாடும் இரண்டு. தெருவோ திரையோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு என்று நான் ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, டிவியையும் ரிசீவரையும் இணைத்தது பழைய ஆப்டிகல் கேபிள். இந்தக் குறிப்பைச் சுமக்கும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. எச்டிஎம்ஐயின் ஏஆர்சி துளைக்கு மாற்றினோம். டிவி தானே ஒலியைப் பிரித்துக்கொடுப்பதை நிறுத்தி, வந்ததை வந்தபடி அனுப்பச் சொன்னோம். ரிசீவரின் முகப்பில் அட்மாஸ் என்ற எழுத்து வந்தது.

அதே காட்சிகளை மறுபடி போட்டோம். கத்தி சாணை பிடிப்பவனின் ஊதல் எனக்குப் பின்னால் எங்கோ ஒரு சந்தில் போனது. நான் திரும்பிப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசிக் காட்சியின் விமானம் மட்டும் மேலே வரவில்லை. மேல்நோக்கிய ஸ்பீக்கருக்குத் தட்டையான கூரை வேண்டும், ஒலி பட்டுத் திரும்ப. நண்பர் வீடு மெட்ராஸ் டெரஸ். உயரத்தில் வரிசையாக தேக்குக் கட்டைகள். ஸ்பீக்கரைக் கூரையிலேயே மாட்டலாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். கட்டையில் ஆணி அடிக்க நண்பரின் தாயார் சம்மதிக்கவில்லை.