நாலரை ஏக்கர் மிருகக்காட்சி சாலை

கோயமுத்தூர் வ.உ.சி. பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலையின் அங்கீகாரம் 2022 ஜனவரியில் ரத்தானது. செய்தி வந்தபோது காரமடையில் என் வயதுக்காரர்கள் பலரும் "அடடா" என்றார்கள். அதில் பாதிப் பேர் அங்கே போய் இருபது முப்பது வருஷம் ஆகியிருக்கும். இருந்தாலும் வருத்தம் நிஜம்தான். காந்திபுரம் பஸ் ஏறி, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு போய் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதிகச் செலவில்லாமல் கழிக்க நமக்கு இருந்த இடம் அது. சின்ன ரயில் வண்டி, முதலைத் தொட்டி, குரங்குக் கூண்டு, புள்ளிமான் பட்டி எல்லாம் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிந்துவிடும் என்பதுதான் அதன் குறையே. மொத்த இடமும் ஏறக்குறைய நாலரை ஏக்கர். காரமடைப் பக்கம் சாதாரணக் குடும்பம் ஒன்று கறிவேப்பிலை போட்டிருக்கும் தோட்டத்தின் அளவு. அதற்குள் கடமான், புள்ளிமான், குள்ளநரி, குரங்கு, பாம்பு, முதலை, மயில், கூழைக்கடா, இன்னும் பல பறவைகள், அவற்றைப் பார்க்க வந்த நாம் எல்லோரும் அடங்க வேண்டும். மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் அங்கீகாரத்தை எடுத்ததற்குச் சொன்ன முக்கியக் காரணம் இடப் போதாமை. அதை யாரும் மறுக்க முடியாது.

1965-ஐ வைத்து இன்று குற்றம் சொல்லக் கூடாது. அன்றைக்குக் கோவை நகராட்சிதான். மாநகராட்சி ஆனது 1981-இல். ஒரு நகராட்சி தன் மக்களுக்கு மிருகங்களைக் காட்ட வேண்டும் என்று நினைத்ததே பெரிய காரியம். அந்தக் காலத்தில் மிருகக்காட்சி சாலை என்றால் வரிசையாகக் கூண்டுகள், முன்னால் கம்பி, பெயர்ப் பலகை. எத்தனை வகை மிருகம் இருக்கிறது என்பதே பெருமை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் என்று கேட்கிற வழக்கம் அப்போது நம்மிடம் இல்லை.

இந்தக் கூண்டு வரிசைக்கு நம் மாநிலத்தில் பழைய வரலாறு உண்டு. 1855-இல் மதராஸ் மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர், வளாகத்தில் கட்டி வைத்திருந்த உயிருள்ள புலியையும் சிவிங்கியையும் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று கவனித்தார். உடனே அங்கேயே ஒரு மிருகக்காட்சி சாலை தொடங்கினார். ஆற்காட்டு நவாபிடம் பேசி அவரிடமிருந்த மிருகங்களையும் வாங்கிச் சேர்த்தார். ஓராண்டுக்குள் முந்நூறுக்கும் மேல் உயிர்கள் சேர்ந்துவிட்டன. பிறகு அது நகராட்சியின் கைக்கு மாறி, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தை "செத்த காலேஜ்" என்றும் மிருகக்காட்சி சாலையை "உயிர் காலேஜ்" என்றும் சொல்வார்கள். இதைவிடப் பொருத்தமாக யாரும் பெயர் வைத்ததில்லை.

அந்த உயிர் காலேஜுக்கும் நம்முடைய சிக்கலேதான். சுற்றிலும் நகரம் வளர்ந்து, வண்டிச் சத்தமும் நெருக்கமும் சேர்ந்து மூச்சு முட்டியது. அவர்கள் செய்ததைத்தான் நாம் செய்யவில்லை. 1970-களின் கடைசியில் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கி, 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். கையால் திறந்து, மிருகங்களை அங்கே கொண்டுபோனார்கள். வண்டலூரில் புலிக்கும் நமக்கும் நடுவே இரும்புக் கம்பி இல்லை, அகழி இருந்தது. முதன்முதலாகப் போனவர்கள் "மிருகமே கண்ணில் படலையே" என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். கூண்டில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மரநிழலில் படுத்த சிங்கத்தைத் தேடத் தெரியவில்லை.

அகழி யோசனை நம்முடையதல்ல. ஜெர்மனியில் கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி 1907-இல் ஹாம்பர்க் பக்கம் ஒரு பூங்கா திறந்தார். சிங்கம் எவ்வளவு தூரம் தாண்டும், ஆடு எவ்வளவு உயரம் குதிக்கும் என்று பழக்கிப் பார்த்து, அதற்கு மேல் அகலமாகப் பள்ளம் வெட்டினால் கம்பியே வேண்டாம் என்று செய்து காட்டினார். மிருகத்தை விற்று வாங்கியவர்தான் கம்பியையும் எடுத்தார். ஆனால் அகழி வெட்ட நிலம் வேண்டும். நாலரை ஏக்கரில் அகழி வெட்டினால் மிருகத்துக்கு மிஞ்சுவது என்ன?

நம் நாட்டில் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் மிருகக்காட்சி சாலை பற்றித் தனி அத்தியாயம் இல்லை. 1991 திருத்தத்தில்தான் அது சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆணையம் அமைந்தது. அதன் அங்கீகாரம் இல்லாமல் யாரும் மிருகக்காட்சி சாலை நடத்தக் கூடாது என்றானது. கூண்டு மிருகத்தைச் சீண்டுவதும் தீனி போடுவதும் குற்றம் என்றும் எழுதினார்கள். குரங்குக்கு வேர்க்கடலை எறிந்த நாமெல்லாம் இன்று சட்டப்படி குற்றவாளிகள்.

பிறகு அளவுகள் வந்தன. ஒரு ஜோடிப் புலிக்குத் திறந்தவெளி குறைந்தது 1,000 சதுர மீட்டர், சிறுத்தைக்கு 500 என்று விதியே உண்டு. ஆயிரம் சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் இருபத்தைந்து சென்ட், கால் ஏக்கர். ஆஸ்பத்திரி, தீவனக் கிடங்கு, நோயுற்ற மிருகத்தைத் தனியே வைக்கும் இடம், கழிவுநீர் எல்லாவற்றுக்கும் இடம் காட்ட வேண்டும். வ.உ.சி. பார்க்கின் ஒரு பக்கம் நேரு ஸ்டேடியம், இன்னொரு பக்கம் மைதானம், அப்புறம் ரோடு, அப்புறம் ஜெயில். விரிவாக்க இடமில்லை. ஊருக்கு வெளியே மாற்றுவோம், பெரிதாக்குவோம் என்று பேச்சு பத்திரிகைகளில் வந்துகொண்டே இருந்தது. பேச்சோடு சரி.

ஜெயில் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வ.உ.சி. செக்கிழுத்தது இந்தக் கோவை மத்திய சிறையில்தான். 1908-இல் தண்டனை பெற்று இங்கே கொண்டுவரப்பட்டார். அவர் இழுத்த செக்கு இன்றும் சிறை வளாகத்தில் இருக்கிறது. மாட்டின் வேலையை மனிதனைச் செய்யவைத்து அடைத்த இடத்துக்குப் பக்கத்தில், அந்த மனிதரின் பெயரிலேயே மிருகங்களை அடைத்து வைத்திருந்தோம். பெயர் வைத்தவர்கள் மரியாதைக்காகத்தான் வைத்தார்கள். ஆனாலும் அந்த வழியாகப் போகும்போது எனக்கு உறுத்தும்.

இன்னொரு உறுத்தல் பலருக்குத் தெரியாதது. இந்தியாவின் மிருகக்காட்சி சாலைகளைச் சீர்திருத்த வேண்டும் என்று முப்பது நாற்பது வருஷம் எழுதியும் பேசியும் வந்த அமைப்பின் அலுவலகம் நம் கோயமுத்தூரில் இருக்கிறது. சாலி வாக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி யோகா கற்றுக்கொள்ள மைசூர் வந்தவர். அங்கே மிருகக்காட்சி சாலையில் மனம் ஒட்டிக்கொண்டு, அதற்கென்று நண்பர்கள் குழு சேர்த்தார். 1985-இல் 'ஜூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன்' தொடங்கினார், அடுத்த ஆண்டு 'ஜூஸ் பிரிண்ட்' என்ற பத்திரிகை. பிறகு ஜாகையைக் கோவைக்கே மாற்றிக்கொண்டார். கூண்டுகளுக்குச் சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2019-இல் காலமானார். தெற்காசியாவின் மிருகக்காட்சி சாலைக்காரர்கள் படித்த பத்திரிகை வெளியான ஊரில், அந்த ஊரின் மிருகக்காட்சி சாலைக்கு நாற்பது ஏக்கர் கிடைக்கவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். ஆணையம் செய்தது சரி. ஐம்பத்தேழு வருஷம் இடம் தேடாமல் இருந்தோமே, அதுதான் தப்பு. இந்த ஐம்பத்தேழு வருஷத்தில் கோவையைச் சுற்றி எத்தனை ஏக்கர் தோட்டம் சைட்டாக மாறியது என்று நம் கண்ணாலேயே பார்த்தோம். வண்டலூருக்கு இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டர். மைசூருக்குப் போகலாம், 1892-இல் மகாராஜா தொடங்கியது, அருமையான இடம். ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்வர முடியுமா? அங்கீகாரம் போனதில் உண்மையிலேயே நஷ்டப்பட்டவர் அவர்தான். வசதி உள்ளவர் காரில் முதுமலைக்குப் போய் யானை பார்த்துக்கொள்வார்.

மயில் பார்க்க நமக்கு டிக்கெட் வேண்டாம் என்பது வேறு விஷயம். காரமடைப் பக்கம் விதை ஊன்றியவரைக் கேட்டால் மயிலைப் பற்றிச் சொல்வார், நல்லதாகச் சொல்ல மாட்டார். காரமடை வனச்சரகத்தை ஒட்டிய தோட்டக்காரர்களுக்கு யானையும் காட்டுப்பன்றியும் ராத்திரி விருந்தாளிகள். சிறுவயதில் கூண்டுக்கு முன்னால் நின்று பார்த்த மயில் இப்போது வரப்பில் நிற்கிறது. நமக்குத்தான் அதை ரசிக்கிற மனசு போய்விட்டது.

மிச்சம் இருந்த உயிர்களைக் கட்டம் கட்டமாக வேறு இடங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இதில் கஷ்டமானது புள்ளிமான். அடித்துத் தின்ன யாரும் இல்லாத பட்டிக்குள் அது பெருகிக்கொண்டே போகும். பிடிக்கப் போனால் பயத்திலேயே செத்துவிடும். ஓடிக் களைத்த மான் அப்போதைக்குப் பிழைத்தாலும் இரண்டொரு நாளில் தசை செத்து விழுவது உண்டு. அதனால் அனுபவம் உள்ளவர்கள் வலை வீசுவதில்லை. பட்டிக்குள் துணி கட்டி, புனல் மாதிரி ஒடுங்கும் வழி அமைத்து, அங்கே தீனி வைத்துப் பழக்கி, மானே நடந்து வண்டிக்குள் ஏறும்படி செய்வார்கள். காட்டில் விடுமுன் காசநோய் முதலானவை இல்லை என்று சோதிக்கவும் வேண்டும். கூண்டு நோய் காட்டு மானுக்குப் பரவினால் ஒரு காடே கெடும்.

பார்க்கிலிருந்த புள்ளிமான்களை சிறுவாணி அடிவாரத்தில், போளுவாம்பட்டி வனச்சரகத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். நொய்யல் பிறக்கிற பக்கம். புல்லுக்கும் தண்ணீருக்கும் குறைவில்லை. காம்பவுண்டுக்குள்ளேயே பிறந்து, பக்கத்து ரோட்டின் ஹாரன் சத்தத்தைத் தவிர வேறு அபாயம் அறியாத மான்கள் அவை. அங்கே சிறுத்தை உண்டு, செந்நாய் உண்டு. காட்டு மான் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டவை, அது காதை நிமிர்த்தும்போது தானும் நிமிர்த்தப் பழகியிருக்கும்.