பெயர் எழுதாத ஏடுகள்

நாலடியார் தோன்றிய கதையை நம் இல்லத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பஞ்சத்தால் பாண்டிநாடு புகுந்த 8,000 சமண முனிவரை மன்னன் ஆதரித்தான். பஞ்சம் நீங்கியபின் தம் நாடு திரும்ப விழைந்தோர்க்குப் பிரிய மனமின்றி விடைதர மறுத்தான். ஆளுக்கொரு வெண்பா எழுதித் தத்தம் இருக்கையின்கீழ் வைத்துவிட்டு அவர்கள் இரவிலேயே அகன்றனர். சினந்த மன்னன் ஏடுகளை வையையில் எறிவித்தான். அவற்றுள் 400 நீரை எதிர்த்து மீண்டன என்பர்.

செவிவழிக் கதைதான். ஆயினும் ஏடு எதிரேறிய அற்புதத்தைக் காண அம்முனிவருள் ஒருவரும் அங்கு நிற்கவில்லை என்பதே என்னை ஈர்க்கிறது.

பாடல்களை 40 அதிகாரங்களாக வகுத்தவர் பதுமனார் என்பர். இரு பாடல்களில் முத்தரையர் பெயர் வருகிறது. அதைக்கொண்டே அறிஞர் நூலின் காலத்தை ஆராய்கின்றனர். ஆங்கிலத்தில் பெயர்த்து 1893-இல் வெளியிட்டவர் ஜி.யு. போப். கொடுத்தவர், தொகுத்தவர், பெயர்த்தவர் எல்லார்க்கும் பெயருண்டு, பாடியவர்க்கு இல்லை.

வகுப்பில் 'ஆசிரியர்: சமண முனிவர்கள்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவேன். இதழில் என் கவிதை வந்தால் பாராட்டுக் கடிதத்துக்காக அஞ்சற்காரரை எதிர்நோக்கி வாயிலில் நின்ற காலமும் அதுவே.

இப்போதும் வெண்பா எழுதுகிறேன், எவருக்கும் அனுப்புவதில்லை. இம்மலரில் என் பெயர் அச்சாவதுதான் சற்றே கூச்சம் தருகிறது.