பிரேக் பெடல் இறங்குதல்: பந்தயத்தடக் கார்களில் பழுதறிதல்

மிதித்த காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும்போது பிரேக் பெடல் மெல்லத் தரையை நோக்கி நகர்வதே பெடல் இறங்குதல். பந்தயத் தடத்துக்காக மாற்றியமைத்த கார்களில் காலிப்பர், டிஸ்க், ஹோஸ் எல்லாம் ஒரே சமயத்தில் மாறியிருக்கும். அதனால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம்.

முதலில் இதுபோன்ற வேறு குறைகளை விலக்க வேண்டும். பஞ்சுபோல் அமுங்கி, விட்டுவிட்டு மிதித்தால் மேலே எழும் பெடலுக்குக் காரணம் காற்று. காலிப்பரை இடவலம் மாற்றிப் பூட்டி, காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிள் கீழே வந்துவிட்டால் அந்தக் காற்று எத்தனை முறை பிளீட் செய்தாலும் வெளியேறாது. ஆழமாகப் போனாலும் கெட்டியாக நிற்கும் பெடல் பழுதல்ல. பெரிய காலிப்பருக்கு மாஸ்டர் சிலிண்டர் சிறியது என்று பொருள். 22.2 மி.மீ. விட்டத்திலிருந்து 25.4 மி.மீ.க்குப் போனால் பெடல் நகர்வு குறையும். ஆனால் அதே பிரேக்குக்குச் சுமார் 31 சதவீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது பெடல் சற்று இறங்குவது பூஸ்டரின் வேலை, இயல்பானது.

உண்மையிலேயே இறங்கினால் பிரேக் ஆயில் எங்கோ தப்பிப் போகிறது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தால் வெளிக்கசிவு. தரையில் சொட்டே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பின்புறம் பார்க்க வேண்டும். பின் சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்ச் சேரும்.

அளவு குறையாமலே பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அழுத்தம் தாங்காத கப்பைத் தாண்டி ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. ஓங்கி மிதித்தால் கப்பின் விளிம்பு சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். மென்மையாக மிதித்தால்தான் இறக்கம் நன்றாகத் தெரியும். புதுக் காலிப்பர் போட்டுப் பிளீட் செய்த உடனே இந்தப் பழுது தோன்றுவது உண்டு. பிளீட் செய்யும்போது பெடலைத் தரைவரை மிதிப்பதால், பழைய சிலிண்டரில் கப் இதுவரை தொடாத, துருவும் கசடும் படிந்த பகுதியில் உரசிக் கிழிகிறது. பழியோ காலிப்பர் மீது விழுகிறது.

உறுதி செய்ய நம்பகமான வழி அடைப்புச் சோதனை. மாஸ்டர் சிலிண்டரின் குழாய்களைக் கழற்றி, சரியான மரையுள்ள அடைப்பான்களால் வாய்களை மூடி, காற்றை எடுத்துவிட்டு, அரை நிமிடம் மிதித்துப் பிடிக்க வேண்டும். அப்போதும் இறங்கினால் சிலிண்டர்தான் பழுது. கல்போல் நின்றால் குழாய்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிச் சோதிக்கலாம். ஏபிஎஸ் பெட்டியின் அழுத்தம் விடும் வால்வில் தூசி சிக்கினாலும் பெடல் இதேபோல் இறங்கும். எஃகு இழை பின்னிய ஹோஸைக் கிளாம்ப் போட்டு நெரித்துச் சோதிக்கக் கூடாது; ஹோஸ் உள்ளே சேதமாகும்.

ஷெட்டில் நன்றாக இருந்து, சில வேகச் சுற்றுகளுக்குப் பின் மட்டும் பெடல் விழுந்து, ஆறியதும் மீண்டால், கொதித்தது ஆயில். டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155, டாட் 5.1-க்கு 260, 180.

சிலிண்டர் சுவரில் கீறல் இருந்தால் புது ரப்பர் கிட்டும் கிழிந்துவிடும். முழு சிலிண்டரையும் மாற்றுவதே சரி. காரணம் தெரியும்வரை அந்தக் காரைத் தடத்தில் இறக்கக் கூடாது.