காருக்கு எத்தனை கட்டை?

"டார்ச்சுக்கு ரெண்டு பேட்டரிக் கட்டை, டேப் ரெக்கார்டருக்கு நாலு. காருக்கு எத்தனைடா போடுவாங்க?"

மின்சாரக் கார் வாங்கலாம் என்று பேச்செடுத்தபோது அப்பா கேட்டது இது. சிரித்துவிட்டேன். ஆனால் சரியான கேள்விதான். 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் 6,831 கட்டைகள் இருந்தன.

ஒவ்வொன்றும் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம். அதனால்தான் 18650 என்று பெயர். காருக்காக வடிவமைத்ததல்ல, லேப்டாப்புகளுக்காக ஏற்கெனவே கோடிக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தது.

சரி, ஏன் உருளை? லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது சோனி. அவர்களுக்குக் கேசட் நாடா தயாரித்த அனுபவம் இருந்தது. மெல்லிய பிளாஸ்டிக்கில் காந்தப் பொடியைப் பூசி, காயவைத்து, நறுக்கிச் சுற்றினால் நாடா. பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேலைதான். பிளாஸ்டிக்குக்குப் பதில் அலுமினியத் தாளும் செம்புத் தாளும். நீளமான பட்டையைச் சுற்றினால் உருளைதானே வரும்!

உள்ளே இறுகச் சுற்றியதை எஃகு உறை எல்லாப் பக்கமும் சமமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உருளைகளை எப்படி அடுக்கினாலும் நடுவே சந்து விழும். 2010இல் வந்த நிசான் லீஃப் தட்டையான பை செல்களைப் பயன்படுத்தியது. எடை குறைவு, சந்தும் இல்லை. ஆனால் பை உப்பும், அதை அழுத்திப் பிடிக்க வெளியே சட்டகம் வேண்டும்.

2020இல் இரண்டு விடைகள் வந்தன. டெஸ்லா உருளையை விடவில்லை, 46 மி.மீ. விட்டம், 80 மி.மீ. உயரம் என்று பெரிதாக்கியது. சீனாவின் பிஒய்டி, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், கத்தி மாதிரி ஒல்லியான பிளேடு செல்லைக் கொண்டுவந்தது.

பிளேடுக்குள் இருந்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1997இல் ஜான் குட்இனஃப் குழு அறிமுகப்படுத்திய பொருள். ஆக்சிஜனை இறுகப் பிடித்து வைத்திருப்பதால் சூடேறினாலும் லேசில் எரியாது. ஆனால் அதே எடைக்கு நிக்கல் செல்லைவிடக் குறைந்த ஆற்றல்தான் தரும். பிஒய்டி அந்தக் குறையை வடிவத்தால் ஈடுகட்டியது. செல்களைச் சிறு பெட்டிகளில் வைத்து, பெட்டிகளைப் பெரிய பெட்டியில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நேரடியாக அடுக்கியது. மிச்சமான இடத்தில் இன்னும் செல்கள்.

பழைய கோடைத் தூக்கிப்போட மனமில்லாமல் அதன் மேலேயே கட்டுவது என் தொழிலில் அன்றாடம். பேட்டரியின் வரலாறு முழுக்க வேதியியல் என்றுதான் நினைத்திருந்தேன். பாதிக்கு மேல், கையில் என்ன இயந்திரம் இருந்தது என்பதன் கதை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தீப்பிடிக்காதுல்ல?" என்றார்.

பிடிக்கவே பிடிக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் தூரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, இரும்பு பாஸ்பேட் காரைத்தான் பதிவு செய்தேன்.