கிராம சபையில் பெண்கள் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்குப் போகும், எந்த ஏரி தூர்வாரப்படும், கழிப்பிடம் எங்கே கட்டப்படும் என்பன போன்ற முடிவுகளில் பெண்கள் கலந்துகொள்ளச் சட்டம் இரண்டு வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. வாக்காளர் என்ற முறையில் கிராம சபையில் அமர்ந்து பேசலாம். இட ஒதுக்கீட்டின் வழியே வார்டு உறுப்பினராகவோ ஊராட்சித் தலைவராகவோ ஆகலாம். சட்டப் புத்தகத்தில் இல்லாத இன்னோர் இடமும் உண்டு. அது ஊர்க்கூட்டம். கோயில் வாசலிலோ சாவடியிலோ ஆண்கள் கூடிப் பேசும் அந்தக் கூட்டத்தில் பல ஊர்களில் பெண்கள் உட்காருவதில்லை. கிராம சபைக்கு வரும் விஷயங்களில் கணிசமானவை அங்கே ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்டவை. பெண்களின் பங்கேற்பை வருகைப் பதிவேட்டுக் கையெழுத்துகளைக் கொண்டு மட்டும் அளந்தால் கணக்கு தப்பிப்போவது இதனால்தான்.

சட்டமும் தேர்தலும்

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது அது. அதற்கிசைய 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1996இல் முதல் தேர்தல் நடந்தது. 2016இல் தமிழ்நாடு இந்தப் பங்கைப் பாதியாக உயர்த்தியது. ஆனால் அவ்வாண்டு நடக்கவிருந்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். ஐம்பது விழுக்காடு நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் எஞ்சிய ஒன்பது மாவட்டங்களிலும் நடந்த தேர்தல்களில்தான்.

தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கும் காசோலையில் தலைவரோடு அவரும் கையெழுத்திட வேண்டும். சின்ன விஷயம் போலத் தோன்றும் இந்த ஏற்பாடு ஊராட்சி அரசியலில் பெரியது. பெண்ணுக்கோ பட்டியல் சாதிப் பெண்ணுக்கோ தலைமை ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஆதிக்கம் உள்ளவர்கள் துணைத்தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டால் போதும். தீர்மானம் நிறைவேறியிருக்கும், காசோலை நகராது. பெண் தலைவரின் கணவரே நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்வதைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு இந்த இரட்டைக் கையெழுத்தைப் பற்றி எழுதப்படுவதில்லை.

சபைக்கு யார் வருகிறார்கள்

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடிவந்தது. 2022இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டன. கூட்டத்தில் பெரும்பாலும் கண்ணில் படுவது பெண்கள்தான். இதற்குக் காரணம் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய குழுக்கள், பின்னர் மாநில அரசின் மகளிர் திட்டத்தின் மூலம் மாநிலம் முழுவதும் பரவின. மற்றொன்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த நூறு நாள் வேலை. தமிழ்நாட்டில் அதில் வேலை செய்தோரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்.

குறைவெண் வரம்பை (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகையை) எட்ட வேண்டுமே என்று நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்து உட்காரவைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஆனாலும் ஒரு முறை வந்தவர் சம்பளப் பாக்கியைக் கேட்கிறார். அடுத்த முறை தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார். வந்தவர்களை ஒட்டுமொத்தமாகக் கூட்டி வரப்பட்ட ஆட்கள் என்று தள்ளிவிடுவது சரியாகாது.

பேச்சும் பதிலும்

பெண் தலைவர்கள் வந்தால் முடிவுகள் மாறுமா என்ற கேள்விக்கு ராகபேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டூஃப்ளோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் ஆகிய இரு மாவட்டங்களிலும், தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் குடிநீருக்கு அதிகம் செலவிட்டன. சாலை விஷயத்தில் இரண்டும் வேறுபட்டன: பீர்பூமில் சாலைக்குக் கூடியது, உதய்ப்பூரில் குறைந்தது. அந்தந்த ஊர்ப் பெண்கள் எதை முறையிட்டார்களோ அதற்கேற்பவே செலவு போயிருந்தது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இன்னும் நுணுக்கமான சான்று, கிராம சபைகளில் பேசப்பட்டதை வரிவரியாக எழுதியெடுத்து ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு. பெண்கள் பேசுவது குறைவு. அவர்கள் எடுத்த பொருள் தொடர்ந்து பேசப்படுவது அதைவிடக் குறைவு. அதிகாரிகளிடமிருந்து கேட்டதற்குப் பொருத்தமான பதில் கிடைப்பதிலும் ஆண்களைவிட அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். தலைவர் பெண்ணாக இருந்த ஊர்களில் மட்டும் பெண்களின் பேச்சுக்குச் செவிசாய்ப்பது கூடியிருந்தது.

அதே ஆய்வாளர்கள் புது வாழ்வுத் திட்டத்தையும் ஆராய்ந்தார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த அந்த வறுமை ஒழிப்புத் திட்டம் பெண்களை ஊர் மட்டத்தில் அமைப்பாக்கியது. திட்டம் நடந்த ஊர்களில் பெண்கள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலாகப் பேசினார்கள், நீண்ட நேரமும் பேசினார்கள். ஆனால் கூட்டத்தின் போக்கைத் திருப்புவதிலோ அதிகாரியிடம் பதில் பெறுவதிலோ முன்னேற்றம் தென்படவில்லை. பேச வைப்பதற்குப் பயிற்சி போதும். பதில் சொல்ல வைப்பதற்கு மேசைக்கு அந்தப் பக்கமும் மாற்றம் வேண்டும் என்றே இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது.

சாதியின் குறுக்கீடு

திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்டும் இடம் தொடர்பான பகை முற்றிய நிலையில், 2011 ஜூனில் அவர் அரிவாளால் வெட்டப்பட்டார். பலத்த காயங்களோடு உயிர் தப்பினார். கழிப்பிடம் எங்கே அமையும் என்பது கிராம சபை நிகழ்ச்சி நிரலில் ஒற்றை வரி. அந்த ஒற்றை வரியை ஒரு தலித் பெண் முடிவு செய்வதை ஏற்க முடியாதவர்கள் இருந்தார்கள்.

2020ஆம் ஆண்டிலும் இதே கதைதான். திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடியேற்றத் தடுக்கப்பட்டார். சில நாள்கள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவர் தரையில் அமர்ந்திருக்கும் ஊராட்சிக் கூட்டப் படம் அக்டோபரில் வெளியானது. இரண்டு ஊர்களிலும் ஒதுக்கீடு தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. தேர்தலில் வென்ற பெண்ணுக்கு நாற்காலி கொடுக்கச் சொல்லும் வேலை அரசு நிர்வாகத்தினுடையது.

27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும், அங்கே மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். கிராம சபை நாள்கள் நாட்காட்டியில் அப்படியே இருந்தன. தலைவர் பெண்ணாக இருந்தால் பெண்களின் பேச்சுக்குச் செவிசாய்ப்பது கூடுவதாக ஆய்வு காட்டியிருந்தது; அத்தகைய பெண் தலைவர்கள்தான் அப்போது அங்கே பதவியில் இல்லை.