பெரிய மீன்களுக்கு வீட்டிலேயே ஒரு தொட்டி: கட்டும் முன் அறிய வேண்டியவை

கடையில் விரல் நீளத்தில் வாங்கும் ஒஸ்கார் மீன் ஓராண்டிலேயே பத்து அங்குலத்தை எட்டக்கூடியது. இராட்சத குறாமி இரண்டடி வரை வளரும். வெள்ளி அரவானா மூன்றடியை நெருங்கும். செவ்வால் கெளுத்தி மூன்றடியையும் தாண்டிவிடும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் இவற்றை வளர்க்கத் தொடங்குபவர்கள் விரைவிலேயே ஒரு முடிவெடுக்க நேர்கிறது: மீனைச் சாகவிடுவதா, அருகிலுள்ள குளத்தில் விடுவதா, பெரிய தொட்டி கட்டுவதா? பொறுப்பான வழி கடைசி வழிதான். ஆனால் அது தண்ணீரின் பாரத்தோடு விளையாடும் வேலை.

பாரமும் அழுத்தமும்

எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரையடி நீர் ஆழம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 1,700 லீற்றர் தண்ணீர் நிற்கும். அதாவது 1,700 கிலோ. கொங்கிறீற்றின் பாரமும் சேர மொத்தம் நான்கு தொன்னை நெருங்கும். எனவே மேல்மாடி இதற்கு உகந்ததல்ல. மண் நிரப்பி அதன்மேல் மெல்லிய சீமெந்து பூசிய வீட்டு நிலமும் போதாது. மண் இறங்கினால் தொட்டி வெடிக்கும். முற்றத்திலோ விறாந்தை ஓரத்திலோ, நிழலான இடத்தில், இறுகிய நிலத்தில் தனி அடித்தளம் போடுவதே பாதுகாப்பு.

தொட்டியின் நீளமான பக்கத்தை மட்டும் தண்ணீர் ஏறத்தாழ 700 கிலோ விசையுடன் தள்ளுகிறது. இந்த விசையைத் தீர்மானிப்பதில் ஆழத்துக்கே பெரும் பங்கு. ஆழம் பாதியானால் விசை நான்கில் ஒன்றாகிவிடும். பெரிய மீன்களுக்குத் தேவைப்படுவதும் ஆழமல்ல, உடலை வளைத்துத் திரும்புவதற்கான அகலமே. மூன்றடி அகலத் தொட்டி ஒஸ்காருக்கும் குறாமிக்கும் போதும். செவ்வால் கெளுத்திக்கு அது சிறை.

கட்டும் முறை

முழுவதும் கண்ணாடியால் செய்வதைவிட, சீமெந்துத் தொட்டியில் முன்பக்கம் ஒரு கண்ணாடி யன்னல் வைப்பது மலிவு. உள்ளூர் மேசன்மாரால் செய்யவும் முடியும். கல் அடுக்கிய சுவர் மட்டும் போதாது. அடித்தளமும் சுவரும் ஒரே கம்பிக்கூட்டாக இணைந்திருக்க வேண்டும்.

நான்கடிக்கு இரண்டடி யன்னலுக்கு 15 மில்லிமீற்றர் கண்ணாடி போடுவது நல்லது. கண்ணாடியை உட்புறமிருந்து பொருத்த வேண்டும். அப்போது தண்ணீரின் அழுத்தமே அதைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும். நான்கு பக்கமும் இரண்டு அங்குலமாவது சுவரில் படிந்திருக்கட்டும். புளிப்பு மணம் வீசும் சாதாரண சிலிக்கன் வெறும் சீமெந்தில் சரியாக ஒட்டாது. மணமற்ற நடுநிலைச் சிலிக்கனை, அதிலும் பூஞ்சண எதிர்ப்பு மருந்து கலக்காததை, கேட்டு வாங்குங்கள்.

புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு மீனைக் கொல்லும். குறைந்தது 28 நாட்கள் சுவரை நனைத்து முற்றவிட்டு, நன்கு காய்ந்த பின் குடிநீர்த் தாங்கிகளுக்கான எபொக்சிப் பூச்சு அடிக்க வேண்டும். பிறகு தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் கசிவு பார்த்து, இறைத்துவிட்டு மீண்டும் நிரப்புங்கள்.

வடிகட்டி

மீனின் கழிவிலிருந்து அமோனியா உருவாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைத்திரைற்றாகவும், வேறொரு வகை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு. இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். அதற்கு முன் பெரிய மீன்களை விட்டால் அவை சாவது ஏறத்தாழ உறுதி.

இரசாயனம் அடைக்கப்படாத 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரல் ஒன்றே நல்ல வடிகட்டியாகும். மேலே பஞ்சு, கீழே உடைந்த ஓட்டுத் துண்டுகள் அல்லது பிளாஸ்ரிக் போத்தல் மூடிகள். மணிக்கு 7,000 லீற்றராவது சுற்றும் நீர்ப்பம்பி தேவை. பஞ்சைக் கழுவுவதும் தொட்டித் தண்ணீரிலேயே. குளோரின் கலந்த தண்ணீர் நுண்ணுயிர்களை அழித்துவிடும்.

நமது தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். ஆதலால் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மை கொண்டது. கார நீரில் அமோனியாவின் நஞ்சு கூடும் என்பதால் இங்கு வடிகட்டியில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. பல தோட்டப் பகுதிகளில் உரப் பாவனையால் கிணற்றிலேயே நைத்திரேற் மிகுந்திருக்கிறது. தண்ணீரை ஒருமுறையாவது சோதித்துப் பார்ப்பது மீனுக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் நல்லது. கிணற்றுக்குக் குளோரின் இட்ட நாட்களில் அந்த நீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். வெளியேற்றும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல பசளை.

மின்சாரம்

2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் மின்சாரம் நின்றதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பம்பி நின்றால் சில மணிநேரத்தில் பெரிய மீன்கள் மூச்சுத் திணறும். பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும். பம்பி நின்றதும் தண்ணீர் குழாய்வழி பின்னோக்கி வடிந்துவிடாதிருக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளை இடுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிச் இல்லாமல் இந்தத் தொட்டியில் மின்கருவி எதையும் இறக்க வேண்டாம். தண்ணீருக்குள் கைவிடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

குளத்தில் விடாதீர்கள்

அழகு மீனாகக் கொண்டுவரப்பட்ட கத்தி மீனும், தொட்டிச் சுவரைச் சுரண்டித் தின்னும் உறிஞ்சி மீனும் இன்று இலங்கையின் இயற்கை நீர்நிலைகளில் பரவிவிட்டன. கத்தி மீன் மற்ற மீன்களைத் தின்னும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் திலாப்பியா பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. எல்லாவற்றையும் இழந்து திரும்பிவந்து வலை வாங்கியவர்களும் அவர்களுள் உண்டு. நாம் இரக்கப்பட்டு விடும் ஒரு சோடி மீன் அவர்களுடைய வலையை வெறுமையாக்கக் கூடும்.

வளர்க்க முடியாமற் போனால் கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ மீனை ஒப்படையுங்கள். வாங்குவதற்கு முன்பே அந்த மீன் எவ்வளவு வளரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் அந்த மீனை வாங்க வேண்டாம்.