ஆவடியில் தைத்த சட்டை

ஆவடின்னு சொன்னாலே நம்மாளுங்களுக்கு டாங்க்தான் ஞாபகம் வரும். 1965 கடைசியில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது அங்கே இருக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையில்தான். அதே ஊரில் ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கும் ஓ.சி.எஃப். தொழிற்சாலையும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, பாவம்!

2020-இல் அதற்கும் ஒரு காலம் வந்தது. கொரோனா வார்டில் போடும் முழு உடல் கவச உடை அதுவரை நம் நாட்டில் பெயருக்குக்கூடத் தயாராகவில்லை. இரண்டே மாதத்தில் நாடு முழுக்க தினமும் லட்சக்கணக்கில் தைக்க ஆரம்பித்தார்கள். அதில் ஆவடி ஓ.சி.எஃப்.பும் ஒன்று.

தைத்தால் மட்டும் போதுமா? பரிசோதனை வேண்டும். ஆரம்பத்தில் கோவை சிட்ராதான் முக்கியமான பரிசோதனைக் கூடம். செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணிமேல் செலுத்தி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் வகுப்பு என்றால் 3.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இந்தச் சோதனைக் கருவியைப் பிறகு நம்ம டாங்க் தொழிற்சாலையிலேயே செய்தார்கள். டாங்க் செய்கிறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி :-)

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு விஷயம். ரத்தம் உள்ளே வராத துணியில் வியர்வை மட்டும் எப்படி வெளியே போகும்? தையல் ஓட்டைகளைக்கூட டேப் ஒட்டி அடைத்துவிடுவார்கள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் உள்ளேயே வழிந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உடம்பில் தண்ணீர் குறைவதுதான் மிச்சம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்க மரைன் பயிற்சி முகாம்களில் வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுந்ததால், 1950-களில் 'வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்' என்று ஒரு கணக்கு கொண்டுவந்தார்கள். அதில் பத்துக்கு ஏழு பங்கு ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்குத்தான். அதாவது வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும். சென்னைக்காரங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அமெரிக்கத் தொழில்சுகாதார அமைப்பான ஏ.சி.ஜி.ஐ.ஹெச். இந்தக் கணக்கோடு உடைக்கும் ஒரு எண்ணைச் சேர்க்கச் சொல்கிறது. காற்று போகும் எஸ்.எம்.எஸ். வகைத் துணிக்கு அரை டிகிரி. ஆவி புகாத உடைக்கு 11 டிகிரி! வார்டில் 30 என்றால் போட்டிருப்பவருக்கு 41. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கவச உடை இந்த 11 பக்கம்தான் வரும். போதாக்குறைக்கு, கிருமி பரவும் என்று சென்ட்ரல் ஏசியைத் தவிர்க்கச் சொன்ன மே மாதம் அது.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கவச உடையோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்க விடவில்லை. இங்கே நர்ஸுகளுக்கு நாலு மணி நேரம், ஆறு மணி நேரம். உள்ளே போனால் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. உடை பத்தாது, ஆளும் பத்தாது. காரணம் புரிகிறது. இருந்தாலும் துணிக்கு இத்தனை பரிசோதனை வைத்தவர்கள், அதற்குள் இருக்கும் ஆளுக்கும் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம்.

போட்டவர்களும் உண்டு. அதே 2020-இல் மும்பை கடற்படை மருத்துவக் கழகம், காற்று போய்வரும் துணியில் 'நவ்ரக்ஷக்' என்று ஒரு உடை செய்தது. 2021-இல் மும்பை இன்ஜினியரிங் மாணவர் ஒருவர், இடுப்பு பெல்ட்டில் மாட்டி உடைக்குள் வடிகட்டிய காற்றை ஊதும் கருவி செய்தார். இரண்டாவது அலையில் வார்டுகள் நிரம்பி வழிந்த நேரம் அது.

அந்த உடையைப் போட்டு வேலை பார்த்தவர்கள் யாராவது படித்தால், எத்தனை மணி நேரம் தாங்கினீர்கள், எப்படித் தாங்கினீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.